உமாராணியின் மரண அறிவிப்பு

கரங்கானிலிருந்து பண்டார் பாரு வரைக்கும், அழகேசனின் வண்டியில் ஏறாமல் சுடுகாடு போய்ச் சேர்ந்த தமிழர்கள் குறைவு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனிதர். லாரியில் செம்பனைக் குலை ஏற்றியவர். ஒரு சீனக் கிழவரிடம் பழைய வேனை வாங்கி, தன் கையாலேயே வெள்ளைச் சாயம் அடித்து, அதில்தான் முதல் பிணத்தைக் கொண்டுபோனார். இன்றைக்குக் கண்ணாடி வைத்த வண்டி இரண்டு, குளிர்பெட்டி, பந்தல், நாற்காலி, மேளத்துக்கு ஆள் என்று ஒரு தொழிலையே நிமிர்த்தி வைத்திருக்கிறார். யாரும் கைதூக்கி விடவில்லை. யார் வாசலிலும் போய் நின்றதுமில்லை. படித்துப் பட்டம் வாங்கியவர்கள் வேலை தேடி பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் பஸ் ஏறிக்கொண்டிருந்த காலத்தில், அழகேசன் நாலு பேருக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய பெரிய சாதனை வண்டிகூட இல்லை. முகநூலில் அவர் நடத்திய மரண அறிவிப்புப் பக்கம்தான். அந்த வட்டாரத்தில் காலையில் எழுந்தவர்கள் முகம் கழுவுவதற்கு முன்னால் திறப்பது அதைத்தான். யார் போனது, எந்தத் தோட்டம், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு லீவு சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

பத்திரிகைக்காரர்கள் செத்தவர்கள் எல்லாரையும் ‘இறைவனடி சேர்ந்தார்’ என்று ஒரே அச்சில் ஊற்றிவிடுவார்கள். அழகேசன் அப்படிச் செய்ததில்லை. பெயர், வயது, இன்னார் பிள்ளை, இன்னார் துணை என்று எழுதி, எப்படி இறந்தார் என்பதற்கும் ஒரு வரி போடுவார். அது எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவரிடம் பதில் இருந்தது.

“எப்பிடிப் போனாருன்னு தெரியாம சாவு வூட்டுக்குள்ள நொழையிறவன் வாயத் தொறந்தா அசிங்கந்தான் லா. தூக்கு மாட்டிக்கிட்டவன் வூட்ல போயி, டாக்டரு என்னா மருந்து குடுத்தாருன்னு கேட்டுட்டு நிப்பான்.”

எழுத்து அவருக்கு அவ்வளவாக வராது. கைப்பேசியில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று தானாகக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவருக்கு அந்தக் கவலை விட்டது. குளிர்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, பிணத்தின் தலைமாட்டிலேயே நின்றுகொண்டு, கைப்பேசியை வாய்க்கு நேராகப் பிடித்து, கோயில் மைக்கில் பேசுகிற மாதிரி சத்தமாகச் சொல்லுவார். அழுதுகொண்டிருப்பவர்கள்கூட அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். “அப்பா பேரு பெருமாள் இல்லண்ணே, பெருமாள்சாமி” என்பார் ஒருவர். “மூணாவது மருமவன வுட்டுட்டீங்க, அப்பறம் பெரிய சண்டையாயிடும்” என்பார் இன்னொருவர். அவர் அங்கேயே திருத்துவார். பிணத்தை வைத்துக்கொண்டு, நாலு பேர் காதில் விழ, திருத்தித் திருத்திச் சொன்னது பொய்யாகாது. அழகேசனுக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான். அந்தச் சட்டத்தை வைத்து அவர் ஆயிரக்கணக்கான சாவுகளை எழுதியிருக்கிறார். ஒருத்தரும் வந்து குறை சொன்னதில்லை.

உமாராணி இறந்தது பதினாலாம் கட்டைத் தோட்டத்தில். செம்பனைக் காட்டில் களைக்கு மருந்தடிக்கிற வேலை. அதிலும் டிரம்மிலிருந்து மருந்தை ஊற்றிக் கலக்கிப் பம்புகளில் நிரப்பிக் கொடுப்பவள் அவள்தான். வாயெல்லாம் புண்ணாகி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரிக்குப் போனவள் உயிரோடு திரும்பவில்லை. சான்றிதழில் நுரையீரல் நோய் என்று போட்டிருந்தது.

அவள் கணவன் முனியாண்டிக்குச் சர்க்கரை வியாதியில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அவன் வேலையை விட்டு வருடங்கள் ஆகின்றன. அழகேசன் கைப்பேசியை எடுத்ததும், அவன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் வந்தான்.

“அண்ணே, அதையும் சேத்துக்கங்க. தட பண்ண மருந்துண்ணே அது. மேல ஒட்டுன பேப்பர கிழிச்சிட்டு பழைய டிரம்ம எடுத்துக் குடுத்தானுங்க. கலக்குறவளுக்கு வாசன தெரியாதா? வந்து வந்து சொல்லுவா எங்கிட்ட.”

அழகேசன் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “தோட்ட நிர்வாகம் கொடுத்த, தடை செய்யப்பட்ட களை மருந்தை, முகமூடி இல்லாமல் அடித்ததால் நோயுற்று இறந்தார்.”

உமாராணியோடு மருந்தடித்த தனபாக்கியம் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள். “மாஸ்க்கு குடுத்தாங்கண்ணே. கிழிஞ்சது. பொய் சொல்லக் கூடாதில்ல.”

அழகேசன் அதை அழித்துவிட்டு, ‘கிழிந்த முகமூடியோடு’ என்று திருத்திச் சொன்னார். வேறு யாரும் எதுவும் சொல்லவில்லை. பொத்தானை அமுக்கினார். அறிவிப்பு போய்விட்டது.

மறுநாள் காலையில் மஜீத் பாய் கடையில் அவர் பால் கலக்காத ‘தே ஓ’ கேட்டு உட்காரும்போதே கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மஜீத் கல்லாவிலிருந்தே குரல் கொடுத்தார்.

“என்னா அழகேசண்ணே, ஒங்க பொணவண்டி தெக்க ஜொகூர் வரைக்கும் ஓடியிருக்கு போல! எம் மச்சினன் அங்கேருந்து அறிவிப்ப அனுப்பிக் கேக்குறான், யாரு இந்த ஆளுன்னு.”

“சொல்ல வேண்டியதுதான பாய்?”

“சொன்னேன். இனிமே ஒங்கள ரிப்போட்டர்னுதான் கூப்பிடணும்.”

“ரிப்போட்டர் எவன் லா? அவன் ஏர்கான்ல ஒக்காந்து எழுதுவான். நான் பொணத்துக்குப் பக்கத்துல நின்னு எழுதுறவன்.”

கடை சிரித்தது. அழகேசன் அன்றைக்கு இன்னொரு தே ஓ குடித்தார். பெருமை இல்லாமல் இருக்குமா? அவருடைய ஒரு வரிக்குப் பிறகு பதினாலாம் கட்டைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற பெண்கள் ஒருத்தியும் பம்பைத் தொடவில்லை. “அண்ணன் பேஸ்புக்குல போட்டிருக்காரு, நாங்க தொட மாட்டோம்” என்று பெரட்டில், அதாவது காலையில் பேர் கூப்பிடுகிற இடத்தில், வேலை வாங்கும் கங்காணியான மண்டோரின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்களாம். மண்டோர் அந்தப் பெண்களை உதிரிப் பழம் பொறுக்க அனுப்பிவிட்டார். அதற்குள் ஸ்டோரிலிருந்த டிரம்களும் லாரியேறி எங்கேயோ போய்விட்டன.

அந்த வாரமே தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி ஜெயகுமார் வீடு தேடி வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஆரஞ்சுப் பழப் பை.

“அண்ணே, அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடுங்க. மத்ததெல்லாம் அப்பிடியே இருக்கட்டும். கம்பெனிக்காரன் கோவத்துல இருக்கான்.”

“ஜெயகுமாரு, ஒங்கப்பாவ தூக்கிட்டுப் போனது யாரு?”

“நீங்கதாண்ணே.”

“எப்பிடிச் செத்தாருன்னு போட்டேன்?”

ஜெயகுமார் பழப் பையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “தண்ணியடிச்சிட்டு மோட்டார்ல போயி கால்வாயில வுழுந்தாருன்னு.”

“அன்னிக்கி வந்து எடுக்கச் சொன்னியா?”

“இல்ல.”

“ஒங்கப்பனுக்கு ஒரு ஞாயம், மேனேஜருக்கு ஒரு ஞாயமா? போ தம்பி. பழத்தையும் எடுத்துக்க.”

ஜெயகுமார் பழத்தை எடுத்துக்கொள்ளவில்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னான். “நான் சின்ன ஆளுண்ணே. கேக்கச் சொன்னாங்க, கேட்டுட்டேன். அவ்ளதான்.”

போலீஸ்காரர்கள் வந்தது அழகேசன் வண்டி கழுவிக்கொண்டிருந்த ஒரு காலை. தோட்ட நிர்வாகம் புகார் கொடுத்திருந்தது. கைப்பேசியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டினார்கள். பாலாய்க்கு, அதுதான் போலீஸ் நிலையத்துக்கு, ஏற்றிக்கொண்டு போனார்கள். இணையத்தில் பொய்யைப் பரப்பிப் பிறருக்கு எரிச்சலூட்டினால் 233 என்றொரு பிரிவு இருக்கிறது, சிறைக்கே அனுப்பலாம் என்று அதிகாரி மலாயில் விளக்கினார். மரியாதையாகத்தான் பேசினார்.

“இதை எழுதியது யார்?”

“நான்.”

“யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? எழுதச் சொன்னார்களா?”

இந்த இடத்தில்தான் அழகேசன் சறுக்கினார். வாழ்நாள் முழுக்க அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. வண்டி யார் வாங்கிக் கொடுத்தது, தொழிலை யார் கற்றுக் கொடுத்தது, படிக்காத ஆள் பேஸ்புக் எப்படி நடத்துகிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நெஞ்சைத் தட்டிச் சொன்ன பதிலையே அதிகாரிக்கும் சொன்னார்.

“எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. எல்லாம் நானேதான்.”

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். அழகேசன் கையெழுத்துப் போட்டார். அது ஒன்றுதான் அவர் கோணல் இல்லாமல் எழுதுகிற எழுத்து. அன்று இரவு லாக்கப்பில் படுக்க வைத்து மறுநாள் விட்டார்கள். சில மாதம் கழித்துக் குற்றச்சாட்டு வந்தது.

வக்கீல் கிருபாநந்தனுக்கு சுங்கை பட்டாணியில் ஆபீஸ். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், அப்பாவும் தாத்தாவும் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்கள். அழகேசனின் வாக்குமூலத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“எல்லாம் நானேதான் எண்டு சொல்லியிருக்கிறீங்கள். வீட்டுக்காரர் சொன்னதைத்தானே போட்டீங்கள்? ஏன் அதைச் சொல்லேல்ல?”

“பொணத்துக்கு முன்னாடி நின்னு சொன்னதுங்க. வூடே கேட்டுச்சி. அத தனியா வேற சொல்லணுமா?”

“நீங்கள் எழுதினது பொய் எண்டுதான் கேஸ். பொய்யில்லை எண்டு காட்டினாத் தப்பலாம். அந்த அம்மா மருந்தைப் பற்றி யாரிட்டச் சொன்னவ?”

“புருசன்கிட்ட.”

“மற்றப் பெண்டுகள்?”

அவர்களையும் அழகேசன் ஏற்கனவே கேட்டுப் பார்த்திருந்தார். அவர்கள் கண்டதெல்லாம் கலக்கி வந்த தண்ணீரைத்தான். பேப்பர் கிழித்த டிரம்மைத் தொட்டவள் உமாராணி ஒருத்தி. இப்போது டிரம்மும் இல்லை, அவளும் இல்லை.

“அப்ப புருசன்தான் ஒரே சாட்சி. ஆனா அவர் போலீசில என்ன சொல்லியிருக்கிறார் தெரியுமோ?” வக்கீல் கண்ணாடியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். “நான் அப்பிடி ஒண்டும் சொல்லேல்ல, அழகேசன் தானாப் போட்டது எண்டு.”

அழகேசன் அங்கிருந்து நேராக வண்டியைப் பதினாலாம் கட்டைக்கு விட்டார். வழியெல்லாம் என்ன கேட்பது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டு போனார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் இருந்தது. தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டில் முனியாண்டி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் அதை நிறுத்தினான். பிறகு என்ன நினைத்தானோ, மறுபடி போட்டுச் சத்தத்தை ஏற்றினான்.

“சத்தம் இருக்கட்டும்ணே. அடுத்த வூட்ல மண்டோரு மச்சான் இருக்கான்.”

“நீ சொன்னியா இல்லியா? அத மட்டும் சொல்லு.”

“சொன்னேன்.”

“அப்பறம் பாலாய்ல போயி என்னா ஒளறிட்டு வந்த?”

“வூடு அவ பேர்லண்ணே.” முனியாண்டி அதைச் சண்டைக்காரன் மாதிரிச் சொல்லவில்லை, மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரிச் சொன்னான். “வேல செய்றவங்களுக்குத்தான் கம்பெனி வூடு. அவ போயிட்டா, அன்னிக்கே காலி பண்ணச் சொல்லியிருக்கலாம். கிராணி வந்தாரு. இருந்துக்கலாம்னாரு. காடியில ஏத்தி பாலாய்க்கு கூட்டிட்டுப் போனாரு, திரும்பக் கொண்டாந்து வுட்டாரு. வழியில சாப்பாடுகூட வாங்கிக் குடுத்தாரு. நல்லாத்தான் பேசுனாரு.”

“எங்கூட்டுக்கு வந்துடு. ரூம்பு இருக்கு. சோத்துக்கு என்னா பஞ்சம்? அழகேசன் வூட்ல இருக்கறவன எவன் கேக்குறது?”

“ஒங்க வூட்ல ஒக்காந்து தின்னுட்டு ஒங்களுக்குச் சாட்சி சொன்னா, சோத்துக்குச் சொன்னான்னு சொல்ல மாட்டானுங்களா?”

அழகேசனுக்கு அது தோன்றியிருக்கவில்லை. உள்ளே சாமி மேடைக்குப் பக்கத்தில் உமாராணியின் படத்துக்கு முன்னால் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பல் தெரியச் சிரிக்கிற படம். அறிவிப்புக்கு அவரே வெட்டி ஒட்டிய படம்.

“ஒரே பொண்ணு, ஜொகூர்ல மாமியா வூட்ல இருக்கு. போன் பண்ணா அழுவும். வான்னு சொல்லாது” என்றான் முனியாண்டி. பிறகு கைத்தடியால் தரையைத் தட்டினான். “நீங்க வாடான்னா வரேண்ணே. அவளுக்காகவாச்சும் வரேன். கூண்டுல ஏறி எல்லாத்தையும் சொல்லிடறேன். எறங்குனப்பறம் இந்தக் கால வச்சிக்கிட்டு எங்க போவேன்னு, அத மட்டும் நீங்க சொல்லிடுங்க.”

தொலைக்காட்சியில் யாரோ கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அழகேசன் எழுந்து வண்டிக்குப் போனார். வீட்டில் மனைவி பரமேஸ்வரி போன காரியம் என்ன ஆயிற்று என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுச் சோற்றை மூடி வைத்தாள்.

கோர்ட்டுக்குப் போகிற நாளில் கிருபாநந்தன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “முனியாண்டியைச் சம்மன் அனுப்பிக் கூப்பிடலாம். வந்துதான் ஆகவேணும். கூண்டில நிண்டு பொய் சொல்ல அந்த மனுசனுக்கு வராது. நாங்கள் வெல்லலாம், அழகேசன். நான் சும்மா சொல்லேல்ல.”

“வெல்லலாமா?”

“நல்ல வாய்ப்பு இருக்கு.”

அழகேசன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். ஜெயிக்கலாம் என்று தெரிந்து ஒரு காரியத்தைக் கைவிட்டதாக அவர் வாழ்க்கையில் இதற்கு முன்னால் ஒன்றுகூட இல்லை.

“அவன கூப்பிட வேணாங்க. ஒத்துக்கிறேன்.”

“யோசிச்சுச் சொல்லுங்கோ. பொய் எண்டு தெரிஞ்சே போட்டன் எண்டு ஒத்துக்கொள்ள வேணும்.”

“தெரியும்.”

உள்ளே மொழிபெயர்ப்பாளர் குற்றச்சாட்டைத் தமிழில் வாசித்தார். இளம் பெண், நல்ல சுத்தமான தமிழ். பொய்யானது என்று அறிந்தே, பிறர் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு, இன்ன தேதியில், இன்ன பக்கத்தில். வெள்ளத்தில் ஊறிய பிணத்தையும், ரயிலில் அடிபட்டுத் துண்டாகிக் கிடந்த பிணத்தையும் கை நடுங்காமல் அள்ளியெடுத்த மனிதர். அன்றைக்குக் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஒப்புக்கொள்கிறீர்களா?”

அவர் வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னார்.

“சத்தமாகச் சொல்லுங்கள் ஐயா. நீதிபதிக்குக் கேட்கவில்லை.”

“ஒத்துக்கிறேன்.”

அபராதம் போட்டார்கள், கட்டினார். அறிவிப்பை அழித்துவிட்டு, அதே பக்கத்தில் மன்னிப்பும் போட வேண்டும் என்று உத்தரவாயிற்று. எல்லாம் ஒரு கல்யாணப் பதிவு முடிகிற நேரத்தில் முடிந்துபோனது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஜெயகுமார் தலையைக் குனிந்துகொண்டு முதல் ஆளாக வெளியேறினான்.

வெளி வராந்தாவில் தனபாக்கியம் நின்றுகொண்டிருந்தாள். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் பிடித்து வந்திருந்தாள். நல்ல சேலை, கையில் குடை. அழகேசனைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தாள்.

“அண்ணே, மண்டோரு குரூப்புல போட்டுட்டாரு. கோர்ட்டே பொய்னு சொல்லிடுச்சாம். நாளைக்கிப் பெரட்டுல எல்லாரும் பம்ப எடுக்கணுமாம். புது டிரம்மு வந்திருக்காம்.”

தனபாக்கியம் குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“கோவத்துல கேக்கலண்ணே. தெரிஞ்சிக்கத்தான் கேக்குறேன். நெசமாவே பொய்யா அது?”

வக்கீல் அவர் முழங்கையைத் தொட்டார். “இங்க நிண்டு ஒண்டும் கதைக்காதீங்கோ. உள்ள ஒத்துக்கொண்டதை வெளியில மாத்திச் சொன்னா, திரும்ப இழுத்துப் போடுவாங்கள்.”

அழகேசன் வக்கீலைப் பார்த்தார். பிறகு படியைப் பார்த்துக்கொண்டு, பிண வீட்டில் கேட்கிற அந்தக் குரலில் பாதிகூட இல்லாத குரலில் சொன்னார். “பம்ப தொடாத தனம்.”

“ஏன் தொட மாட்டேன்னு கேப்பாருண்ணே. என்னான்னு சொல்றது? அழகேசண்ணன் சொன்னாருன்னு சொல்லவா?”

கீழே சாலையில் ஒரு பஸ் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று.

“வேணாம்,” என்றார் அழகேசன். “எம் பேரச் சொல்லாத.”

“சரிண்ணே” என்றாள் தனபாக்கியம். குடையை விரித்துக்கொண்டு, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று வாசலில் நின்ற காவலாளியிடம் மலாயில் கேட்டுவிட்டு, வெயிலில் இறங்கி நடந்தாள்.